தேர்வுக் கட்டுரையும் நன்னூலார் உரைகல்லும்

நம் நாட்டுத் தமிழ் மாணவர்க்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டு வரும் கட்டுரைத் தலைப்புகளுள் இரண்டு, ‘செய்தித்தாளின் நன்மைகள்’, ‘கலைகளின் சிறப்பு’ என்பன. ஆண்டுக்காண்டு பெயர் சிறிது மாறும். ‘தகவல் சாதனங்களின் பங்கு’ என்றும் ‘பண்பாட்டைக் காக்கும் கலைகள்’ என்றும் வரும். எழுதப்படும் விடை மட்டும் மாறுவதில்லை. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 1988-ஆம் ஆண்டில் வந்தது, 2021-இல் நீக்கப்பட்டது. தேர்வு போயிற்று, கட்டுரை போகவில்லை. தொடக்கப் பள்ளியில் நெட்டுருப் போட்ட பத்திகளை எஸ்.பி.எம். தேர்வு வரையில் சுமந்து செல்லும் பிள்ளைகளை ரவாங் வட்டாரத்தில் நான் ஆண்டுதோறும் காண்கிறேன். அக்கட்டுரை எத்தகையது, அதனை எழுதப் பழக்கிய ஆசிரியராகிய நம் பங்கு யாது என்று ஆராய்வதே இங்கு என் நோக்கம்.

செய்தித்தாள் கட்டுரையை எடுத்துக்கொள்வோம். காலையில் எழுந்தவுடன் மக்கள் செய்தித்தாளைத் தேடுகின்றனர் என்று அது தொடங்கும். உலகச் செய்திகளை அறியலாம் என்பது முதற்பத்தி. பொது அறிவு வளரும் என்பது இரண்டாம் பத்தி. மொழியாற்றல் பெருகும் என்பது மூன்றாம் பத்தி. ஆகவே, அனைவரும் செய்தித்தாள் வாசிப்போமாக என்று முடியும். கலைக் கட்டுரையோ, கலைகள் அறுபத்து நான்கு என்று தொடங்கி, பரதம், இசை, ஓவியம் என்று அடுக்கி, அவற்றைப் போற்றிக் காப்பது நம் கடமை என்று நிறைவுறும். இரண்டிலும் எழுத்துப் பிழை இராது; பழமொழியும் ஒன்று இருக்கும். ஆசிரியரும் மகிழ்ந்து நல்ல மதிப்பெண் இடுவார்.

இனி, இக்கட்டுரைகளை நன்னூல் என்னும் உரைகல்லில் தேய்த்துப் பார்ப்போம். பவணந்தியார் தம் பாயிரத்தில் நூலுக்குரிய குற்றங்கள் பத்தும் அழகுகள் பத்தும் வகுத்தார். அவை நூலாசிரியர்க்குச் சொன்னவை, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எதற்கு என்று சிலர் வினவலாம். கடுமையாக அளக்க வேண்டுவதில்லை. ஆயினும் அளவுகோல் ஒன்று வேண்டுமன்றோ? பொது அறிவு வளரும், அறிவு பெருகும், உலகறிவு கிட்டும் என்று ஒரே கருத்தை மும்முறை மொழிவது ‘கூறியது கூறல்’. சான்று ஒன்றுமின்றிப் பொதுச் சொற்களைக் கோத்துச் செல்வது ‘வெற்றெனத் தொடுத்தல்’. ஆரவாரமாகத் தொடங்கி, சொல்ல ஒன்றுமில்லாமல் ‘போற்றுவோமாக’ என்று ஓய்வது ‘சென்று தேய்ந்து இறுதல்’.

இவை வடிவக் குற்றங்கள்; பயிற்சியால் நீங்கும். நான் பெரிதாக அஞ்சுவது வேறொன்று. அழகுகளுள் ஒன்றாக ‘உலகம் மலையாமை’யை நன்னூலார் வைத்தார். உலக வழக்கோடு முரண்படாதிருத்தல் என்பது அதன் பொருள். காலையில் எழுந்தவுடன் செய்தித்தாளைத் தேடும் வீடு எது? அதனை எழுதிய பிள்ளையின் வீட்டில் செய்தித்தாள் வாங்குகிறார்களா? 1924-இல் கோலாலம்பூரில் தோன்றிய தமிழ் நேசன், தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் வெளிவந்து, 2019-இல் நின்றுபோயிற்று. அவ்வாண்டிலும் நம் வகுப்புகளில் செய்தித்தாளின் நன்மைகள் வழக்கம்போல் எழுதப்பட்டன. நாளிதழ் ஒன்று மறைந்தது என்ற செய்தி ஒரு கட்டுரையிலும் ஏறவில்லை. பல்லாயிரம் கட்டுரைகளில் புகழப்பட்ட பொருள், எழுதிய கைகளால் வாங்கப்படவில்லை. இதழ் நின்றதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆயினும் நாம் புகழுரை எழுதப் பழக்கினோமேயன்றி வாசகரை உருவாக்கவில்லை என்பதை மறுக்க முடியுமா?

இக்குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. நான் ஆசிரியப் பணிக்கு வந்த தொடக்க ஆண்டுகளில், இதே தலைப்பில் மாணவி ஒருத்தி எழுதிய கட்டுரை இன்றும் நினைவில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் தாத்தா செய்தித்தாள் வாங்கி வருவார். வாசலில் அமர்ந்து உரக்கப் படிப்பார். முதலில் மரண அறிவிப்புகளையே படிப்பார். தெரிந்த பெயர் வந்தால் பாட்டி அடுப்பு வேலையை விட்டுவிட்டு ஓடி வருவார் என்று அவள் எழுதியிருந்தாள். நன்மை ஒன்றுதானே உள்ளது, மூன்று கேட்டோமே என்று மதிப்பெண்ணைக் குறைத்தேன். மனப்பாடக் கட்டுரை எழுதியவனுக்கு உயர்ந்த மதிப்பெண் இட்டேன்.

இன்று எண்ணிப் பார்க்கையில் அவள் எழுதியதே கட்டுரை. தோட்டங்கள் விற்கப்பட்டு, ஒரே லயத்தில் வாழ்ந்தவர்கள் கிள்ளானுக்கும் காஜாங்குக்குமாகச் சிதறிய பின்னர், யார் இருக்கிறார், யார் போனார் என்று அவர்களுக்கு அறிவித்தது நாளிதழின் அந்தச் சிறு கட்டமே. செய்தித்தாள் ஒரு சமூகத்துக்கு என்ன செய்கிறது என்பதை அச்சிறுமி கண்டு சொன்னாள். ‘விளங்குதாரணம்’ என்று நன்னூலார் சொன்ன அழகு அதில் இருந்தது. அதைப் பார்க்கத் தெரியாதவன் நானே.

கலைக் கட்டுரையின் நிலையும் இதுவே. அண்மையில் ஒரு மாணவன் பரதநாட்டியத்தின் பெருமையை ஒன்றரைப் பக்கம் எழுதினான். பரதம் பார்த்திருக்கிறாயா என்றேன், இல்லை என்றான். அவன் அண்ணனோ உருமி மேளக் குழுவில் வாசிப்பவர். தைப்பூசத்தன்று பத்துமலையில் காவடிக்கு முன்னே அக்குழு செல்லும். இவனும் உடன் செல்வான். உருமியின் ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்த்து முழக்கமெழுப்புவதையும், மறுபக்கத்தைத் தட்டுவதையும், காவடி எடுப்பவரின் அடிக்கேற்பத் தாளத்தை மாற்றுவதையும் எனக்கு விரித்துரைத்தான். திரைப்பாட்டு மெட்டை அதில் வாசிப்பது சரியா என்று வீட்டில் நடந்த வாக்குவாதத்தையும் சொன்னான். இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். “அது கலையா சார்?” என்றான். அக்கேள்விக்கு விடையளிக்க வேண்டியவர் மாணவர் அல்லர். கட்டுரைப் புத்தகம் எழுதுவோரும் அதை வாங்கிக் கொடுக்கும் நாமுமே.

நாளிதழ் கட்டுரைக்குப் பொருளாக மட்டுமின்றிக் கட்டுரைக்குப் பள்ளியாகவும் இருந்த காலம் இந்நாட்டில் உண்டு. 1950-ஆம் ஆண்டில் தமிழ் நேசன் ‘கதை வகுப்பு’ ஒன்றைத் தொடங்கியது. சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் ஆகிய இருவரும் அதனை நடத்தினர். வாசகராயிருந்தோர் பாடம் பயின்று, கதை எழுதி அனுப்பினர். பின்னர், அதே இதழில் பணியாற்ற வந்த கு. அழகிரிசாமியும் இளம் எழுத்தாளரைக் கூட்டி, எழுதியவற்றைத் திறனாய்ந்து திருத்தினார். இவர்கள் நாளிதழைப் புகழ்க என்று எவரையும் கேட்கவில்லை. உன் தெருவைப் பார்த்து எழுது என்றே கேட்டனர். மலாயாத் தமிழ்ச் சிறுகதை தன் காலில் நிற்கத் தொடங்கியதில் அப்பயிற்சிக்குப் பெரும்பங்குண்டு.

ஆசிரிய நண்பர் சிலர் என் கருத்தை மறுப்பர். மெலிந்த மாணவனுக்கு முன்மாதிரிக் கட்டுரையே ஊன்றுகோல். அதைப் பறித்தால் அவன் ஒரு வரியும் எழுதான் என்பர். இதில் உண்மை இல்லாமலில்லை. முன்னுரை, கருத்து, முடிவு என்னும் வரிசையை அவன் அதிலிருந்தே கற்கிறான். சொல்வளமும் ஓரளவு பெறுகிறான். ஆகவே, சட்டத்தை எறிய வேண்டா. உள்ளே வைக்கும் படம் அவனுடையதாக இருக்கட்டும். பத்திக்கு ஒன்றாக அவன் கண்டதோ கேட்டதோ இல்லையெனில் அப்பத்திக்கு முழு மதிப்பெண் இல்லை என்று வகுப்பளவில் நாமே விதிக்கலாம்.

வினாவையும் மாற்ற வேண்டும். ‘நன்மைகள்’ என்று கேட்டால் புகழுரையே வரும். ஒரே நிகழ்ச்சியை மக்கள் ஓசையும் மலேசிய நண்பனும் எவ்வாறு தலைப்பிட்டன என்று கேட்டால் மாணவன் இரண்டையும் புரட்டியாக வேண்டும். நேற்றுப் புலனத்தில் வந்த செய்தி ஒன்றை எழுது. அதைச் சொன்னவர் யார், கண்டவர் யார், எப்போது நடந்தது என்று கண்டுபிடி எனலாம். இவ்வினாவுக்கு மனப்பாடம் உதவாது. கைப்பேசியில் வருவதெல்லாம் மெய்யென்று நம்பும் இக்காலத்தில் இப்பயிற்சி தேர்வுக்கு மட்டுமன்றி வாழ்வுக்கும் வேண்டுவதாகும்.

என் பள்ளியில் இவ்வாண்டு ஆறாம் வகுப்பினர்க்கு இவ்வாறே வினாக் கொடுத்தேன். வந்த கட்டுரைகள் குறுகியவை, சந்திப்பிழைகள் மிகுந்தவை. ஆயினும் இருபது ஏடுகளைத் திருத்தியும் எனக்குச் சலிப்புத் தோன்றவில்லை. இருபதும் இருபது வீடுகளாக இருந்தன. பிழைகளைத் திருத்த நமக்குத் தெரியும். எழுத ஒன்றுமில்லாத பிள்ளைக்கே நம்மால் உதவ முடிவதில்லை.