நீராவி இன்ஜின் படங்களும் வெட்டப்பட்ட ஓரங்களும்

போன ஒரு வருஷமாக நீலகிரி மலை ரயிலின் பழைய படங்களை ஒரு ஃபோல்டரில் போட்டு வருகிறேன். ஆராய்ச்சி என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பனியன் கம்பெனி வேலை முடிந்து வந்து, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் செய்கிற காரியம். ரயில் ரசிகர்கள் இணையத்தில் ஏற்றியவை, நண்பர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியவை, பழைய புத்தகங்களில் இருந்து யாரோ ஸ்கேன் செய்தவை என்று முந்நூறைத் தாண்டிவிட்டது. எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது வந்த எரிச்சலைத்தான் இங்கே எழுதப் போகிறேன். படங்கள் அழகாக இருக்கின்றன. அதுதான் பிரச்சினையே.

ஒரு சின்ன பழங்கதையில் இருந்து ஆரம்பிக்கிறேன். பிரிட்டனில் இன்ஜின் செய்த கம்பெனிகள் புது இன்ஜின் ஒன்று வெளியே வரும்போது அதைப் படம் எடுத்து வைப்பது வழக்கம். கறுப்பு, பச்சை வண்ணத்தில் எடுத்தால் நுணுக்கம் தெரியாது, பளபளப்பு கண்ணைக் கூசும். அதனால் படத்துக்காகவே மங்கலான சாம்பல் பெயின்ட் அடிப்பார்கள். சில சமயம் கேமரா பார்க்கிற ஒரு பக்கத்துக்கு மட்டும். படம் எடுத்த பிறகு நெகட்டிவில் பின்னணியையும் மறைத்துவிடுவார்கள். ஷெட் கூரை, பக்கத்தில் கிடக்கிற இரும்பு, வேடிக்கை பார்க்கும் ஆட்கள் எல்லாம் போய், வெள்ளை வெளியில் மிதக்கிற மாதிரி இன்ஜின் மட்டும் மிஞ்சும். வாங்குகிறவருக்குக் காட்டும் விளம்பரப் படம் அது. அதைக் குறை சொல்ல முடியாது. நம்ம ஊரில் கேட்டலாக்குக்கு டி-சர்ட்டைப் படம் எடுக்கிற மாதிரிதான். தைத்தவர் அதில் இருக்க மாட்டார்.

ஆனால் அந்த விளம்பரப் படத்தின் கண் பிறகு வந்த ரசிகர்களுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது என்பது என் எண்ணம். வெயில் முதுகுக்குப் பின்னால், இன்ஜின் முகம் முக்கால்வாசி திரும்பி, சக்கரம் எல்லாம் தெளிவாக, குறுக்கே மனுஷன் யாரும் வராமல். யாராவது வந்துவிட்டால் ஓரத்தை வெட்டிவிடுகிறார்கள். முந்நூறு படங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான்.

இந்தச் சூத்திரம் மலை ரயிலில் ஒரு வேடிக்கையைச் செய்கிறது. மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் ஏறும் வண்டியில் இன்ஜின் முன்னால் இருக்காது. கல்லாறு தாண்டியதும் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம் வரை வருகிறது. நடுவில் பல் வைத்த தண்டவாளம் உண்டு. இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் உருண்டு ஓடிவிடக் கூடாது என்பதற்காக இன்ஜினை எப்போதும் பள்ளத்துப் பக்கமே வைப்பார்கள். ஏறும்போது அது பின்னால் இருந்து தள்ளும். இறங்கும்போது முன்னால் இருந்து தாங்கிக்கொண்டு வரும். ஆக, அந்தப் பகுதியில் இன்ஜின் முன்னால் வருகிற மாதிரி அழகாக எடுத்த படம் எதுவானாலும் அது இறங்கி வருகிற வண்டி. கீழே தலைப்பு மட்டும் 'மூச்சு வாங்க மலையேறும் நீராவி இன்ஜின்' என்று இருக்கும்!

உண்மையில் ஏறும் வண்டியைப் படம் எடுத்தால் முதலில் தெரிவது ஒரு பெட்டியின் முகப்பு. அங்கே திறந்த தட்டில் பிரேக்ஸ்மேன் ஒருத்தர் நின்றுகொண்டிருப்பார். பின்னால் இருக்கும் டிரைவருக்குப் பாதை தெரியாது, அவருக்கு இவர்தான் கண். கொடி காட்டுவது இவர் வேலை. ஒவ்வொரு பெட்டிக்கும் இப்படி ஒரு ஆள் உண்டு. இன்ஜின் விசில் சொல்கிறபடி கையால் பிரேக்கைத் திருகுவார், தளர்த்துவார். மலை ரயில் மலை ரயிலாக இருப்பதற்குக் காரணமே இந்த ஆட்கள்தான். என் ஃபோல்டரில் அவர்கள் முகம் தெரிகிற படங்களை எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது.

இன்ஜினைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்துக் கம்பெனி செய்த எக்ஸ் வகுப்பு இன்ஜின் ஓர் அற்புதம். நான்கு சிலிண்டர். சமதளத்தில் கீழே இருக்கும் இரண்டு மட்டும் சக்கரத்தை ஓட்டும். பல்தண்டவாளம் வந்ததும் அந்த இரண்டில் வேலை செய்து வெளியேறும் நீராவியையே மேலே இருக்கும் பெரிய சிலிண்டர்களுக்குள் விட்டு, பற்சக்கரத்தைச் சுழற்ற வைப்பார்கள். ஒரே நீராவிக்கு இரண்டு வேலை. பஞ்சுக் கழிவைக்கூட விடாமல் நூலாக்குகிற ஊர்க்காரனுக்கு இது உடனே பிடித்துப்போகும். நான் சொல்வதெல்லாம், இந்த அற்புதத்தையும் அந்த முக்கால் முகப் படம் காட்டுவதில்லை என்பதுதான். அது காட்டுவது பெயின்டை.

அடுத்தது தேதி. 'வெள்ளைக்காரன் காலத்து ஊட்டி ரயில், 1920' என்று ஒரு படம் எனக்கு நான்கு பேரிடம் இருந்து வந்திருக்கிறது. பக்கவாட்டில் 37 என்று தொடங்கும் ஐந்து இலக்க எண் பளிச்சென்று தெரிகிறது. இந்திய ரயில்வே நாடு முழுவதற்கும் ஒரே வரிசையாக எண் கொடுத்தது 1950களின் பிற்பகுதியில். அதற்கு முன்னால் இந்தப் பாதை தென்னிந்திய ரயில்வேயிடம் இருந்தபோது இன்ஜின்களுக்கு வேறு எண்கள். ஆக அந்தப் படம் காங்கிரஸ் ஆட்சிக் காலத்தையோ அதற்குப் பிந்தியதையோ சேர்ந்தது. இதைக் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டாம், எண்ணைப் படித்தால் போதும். ஆனால் அனுப்புகிறவர்கள் ஸ்டேட்டஸ் அளவுக்குப் பொருந்த வேண்டும் என்று ஓரத்தை வெட்டும்போது சில படங்களில் அந்த எண்ணும் போய்விடுகிறது. அப்புறம் 1920 என்று சொன்னால் 1920தான், மறுக்க வழியில்லை.

சினிமாவும் தன் பங்குக்குக் குழப்புகிறது. டேவிட் லீனின் 'எ பாஸேஜ் டு இந்தியா' 1984இல் வந்தது. கதையில் அந்த ரயில் போவது மராபார் குகைகளுக்கு. பீகாரின் பராபார் குன்றுகளை மனதில் வைத்து எழுதியது. ஓடியது நம்ம நீலகிரி ரயில். அந்தப் படத்தின் காட்சி ஒன்று கறுப்பு வெள்ளையாக மாற்றப்பட்டு என்னிடம் 'அரிய பழைய புகைப்படம்' என்று வந்து சேர்ந்தது. கொஞ்ச நாள் கழித்து அதே காட்சிக்கு யாரோ மென்பொருளால் மறுபடி வண்ணம் ஏற்றி அனுப்பினார்கள். பெட்டிக்கு இன்றைய நீலம்! வண்ணப் படம் கறுப்பு வெள்ளையாகி, மறுபடி தப்பான வண்ணமானது. இந்த வண்ணமேற்றும் விளையாட்டைப் பழைய படங்களில் செய்கிறவர்களுக்கு ஒன்று: மென்பொருளுக்கு 1915இல் பெட்டி என்ன நிறம் என்று தெரியாது. அது இன்றைய படங்களைப் பார்த்து ஊகிக்கிறது. ஊகத்தைப் பார்த்துப் பார்த்து நாளைக்கு ஒருத்தர் ஆதாரமாகக் காட்டுவார்.

சரி, படம் போகட்டும், நிஜ இன்ஜின்களை எப்படி வைத்திருக்கிறோம்? பெரும்பாலும் அதே விளம்பரப் படத்தை இரும்பில் செய்து வைத்திருக்கிறோம். ஸ்டேஷன் வாசலில், ரயில்வே ஆபீஸ் முன்னால் மேடை கட்டி, சுற்றிலும் சங்கிலி போட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை எனாமல் பெயின்ட். ஓட்டை விழுந்த இடத்திலும் பெயின்ட். உள்ளே பாய்லர் குழாய்கள் மண்ணாகிக்கொண்டிருக்கும். காயலான் கடைக்குப் போகாமல் தப்பித்ததே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான், ஏன்னா போனவைதான் அதிகம். சித்தரஞ்சன் தொழிற்சாலை 1972இல் நீராவி இன்ஜின் செய்வதை நிறுத்தியது. அகலப் பாதையில் 1995 கடைசியோடு நீராவி முடிந்தது. அந்த இடைவெளியில் ஈரோட்டையும் போத்தனூரையும் கடந்து ஓடிய இன்ஜின்கள் எடை போட்டு விற்கப்பட்டன.

இதற்கு விலக்காக இரண்டு இடங்களைச் சொல்வேன். ஒன்று பெரம்பூர் லோகோ பணிமனை. லீட்ஸ் நகரத்தில் 1855இல் செய்த எக்ஸ்பிரஸ் என்ற இன்ஜின் நூறு வருஷம் காட்சிப்பொருளாக நின்ற பிறகு, 2010இல் அதை இவர்கள் மறுபடி ஓட வைத்தார்கள். அதன் ஜோடியான ஃபேரி குயினில் இருந்து 2011இல் பாகங்களைத் திருடிக்கொண்டு போனபோது அதையும் சரிசெய்யக் கொண்டுவந்தது பெரம்பூருக்குத்தான். இன்னொன்று திருச்சி பொன்மலை. மலை ரயிலுக்காக 2011இல் தொடங்கி எண்ணெயில் ஓடும் எக்ஸ் வகுப்பு இன்ஜின்களைப் புதிதாகவே செய்தார்கள். 2021இல் நிலக்கரியில் ஓடுவதையும் செய்து அனுப்பினார்கள்.

இந்தப் பொன்மலை இன்ஜின்களைப் பற்றி ரசிகர்களிடம் ஒரு முணுமுணுப்பு உண்டு. 'அது பழசு இல்லையே, எப்படி ஹெரிட்டேஜ்?' என்பார்கள். எனக்கு இந்தக் கேள்வியே புரிவதில்லை. அவிநாசித் தேர் எரிந்துபோய்ப் புதிதாகச் செய்த தேர்தான் இன்றைக்கு ஓடுகிறது. வடம் பிடிக்கிற யாரும் இது அந்தத் தேர் இல்லை என்று கையை எடுத்துக்கொண்டு நிற்பதில்லை. பிரிட்டனில் ஏ1 வகுப்பு இன்ஜின்கள் 49இல் ஒன்றுகூட மிஞ்சாமல் உடைக்கப்பட்டன. அங்கே ரசிகர்கள் 1990இல் நன்கொடை திரட்ட ஆரம்பித்து 2008இல் டொர்னேடோ என்று ஐம்பதாவதைச் செய்து ஓட்டினார்கள். அதைக் கொண்டாடுகிற அதே வாய்தான் பொன்மலையைக் குறை சொல்கிறது. கூலி வாங்கிக்கொண்டு செய்ததால் பாரம்பரியம் குறைந்துபோகுமா என்ன?

இரும்பு பழசா புதுசா என்பதைவிட, பாய்லர் தட்டை வளைக்கத் தெரிந்த கை இருக்கிறதா என்பது பெரிய கேள்வி. பொன்மலை செய்து காட்டியது அதைத்தான். ஆனால் டொர்னேடோ ஒவ்வொரு துண்டாக உருவானதற்குப் படங்கள் இருக்கின்றன. ஃபிரேம் வெட்டியது, சக்கரம் வார்த்தது, யார் எதைச் செய்தார்கள் என்று. பொன்மலை இன்ஜின்களுக்கு என் ஃபோல்டரில் சேர்ந்தவை பெரும்பாலும் மாலை போட்ட இன்ஜின், கொடியசைக்கும் அதிகாரி. ஃபிட்டர்களும் வெல்டர்களும் கடைசி வரிசையில் தலை மட்டும் தெரிய நிற்கிறார்கள். அடுத்த முறை ஒரு பாய்லர் செய்ய வேண்டி வந்தால் உதவுவது எந்தப் படம் என்று நீங்களே சொல்லுங்கள். 1946இல் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளிகள் உயிர்விட்ட பணிமனை அது. அங்கே ஆட்களைப் பின் வரிசையில் தள்ளுவது எனக்கு உறுத்துகிறது.

ஆட்கள் நடுவில் நிற்கிற ரயில் படமும் நம்மிடம் உண்டு. ரசிகர்கள் அதைப் பழைய ரயில் படம் என்று சேர்த்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான். ரிட்டையர்மென்ட் போட்டோவைச் சொல்கிறேன். ரயில்வேயில் வேலை பார்த்தவர் வீட்டுக்குப் போனால் ஹாலில் மாட்டியிருக்கும். கழுத்து நிறைய மாலை, கையில் ஒரு தட்டு, சுற்றிலும் ஷெட் ஆட்கள், பின்னால் இன்ஜின். டவுனில் இருந்து ஸ்டூடியோக்காரர் வந்து எடுத்தது. இன்ஜின் பாதிதான் தெரியும், எண்ணை மாலை மறைத்திருக்கும். கூட வேலை செய்கிற ஒரு நண்பர் போத்தனூர் ரயில்வே குடும்பம். அவர் வீட்டுப் படம் ஒன்றை இறக்கிப் பின்பக்கம் பார்த்தோம். பென்சிலில் தேதி, நிற்கிற வரிசைப்படி பதினாறு பெயர், பக்கத்தில் ஒவ்வொருத்தர் வேலையும். ஃபிட்டர், பாய்லர் மேக்கர், கலாசி, கரி அள்ளுகிறவர். நண்பரின் அம்மா அதில் மூன்று பேருக்கு எந்த ஊர், பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று அங்கேயே சொன்னார். முந்நூறு அழகான படங்களில் எனக்குக் கிடைக்காத தகவல் இந்த ஒரு அட்டையின் முதுகில் இருந்தது.

படம் என்ற அளவில் பார்த்தால் சுமார்தான். வெளிச்சம் தட்டை, இரண்டு பேர் கண்ணை மூடியிருக்கிறார்கள். ஆனாலும் அதில் இன்ஜின் எவ்வளவு பெரியது என்று எனக்கு முதல் முறையாகத் தெரிந்தது, ஏன்னா பக்கத்தில் ஆள் நிற்கிறான். பஃபர் உயரம் அவன் இடுப்பைத் தாண்டுகிறது. கால்சட்டையில் எண்ணெய்க்கறை, ஒருத்தர் கையில் சுற்றிய பஞ்சுக் கழிவு. துடைக்கிற வேஸ்ட் அது. இன்ஜின் ஷெட்டுகளுக்குப் பஞ்சுக் கழிவு வண்டி வண்டியாகப் போன காலம். எந்த மில்லில் இருந்து வந்ததோ.

திருப்பூர் படத்தையும் தேடினேன். பாதை இந்தப் பக்கம் வந்து போத்தனூரைத் தொட்டது 1862இல். நூறு வருஷத்துக்கு மேல் நீராவி இந்த ஊரைக் கடந்து போயிருக்கிறது, பஞ்சும் பனியனும் ஏறியிருக்கின்றன. ரசிகர்களின் சேகரிப்பில் ஊர்ப் பெயர் போட்ட ஒரு நீராவிப் படம்கூட என் கண்ணில் படவில்லை. வெளியூர், வெளிநாட்டுக் கேமராக்காரர்கள் அனுமதிச் சீட்டு வாங்கி மலைக்கும் பெரிய ஷெட்டுக்கும் போனார்கள். சும்மா வண்டி நின்று போகிற ஸ்டேஷனில் அவர்களுக்கு என்ன வேலை. இருந்தால் அந்தப் படம் கூட்ஸ் ஷெட்டில் வேலை பார்த்தவர், பேல் ஏற்றியவர், ஸ்டேஷன் பக்கம் கடை வைத்திருந்தவர் வீட்டு ஆல்பத்தில்தான் இருக்கும். ஏதோ கல்யாண கோஷ்டி பிளாட்பாரத்தில் நிற்க, பின்னால் கறுப்பாக ஒரு பாதி இன்ஜின்.

அப்படி ஏதாவது உங்கள் வீட்டில் இருந்தால், ஸ்கேன் செய்யும்போது முழுசாகச் செய்யுங்கள். வெள்ளை ஓரம், ஸ்டூடியோ முத்திரை, பூச்சி அரித்த மூலை எல்லாம் இருக்கட்டும். வண்ணம் ஏற்ற வேண்டாம், குறுக்கே உங்கள் பெயரை அச்சடிக்க வேண்டாம். பின்பக்கத்தைத் தனியாக ஒரு படம் எடுங்கள், வெறும் அட்டையாக இருந்தாலும். அப்புறம் வீட்டுப் பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்து யார் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இன்ஜின் எண்ணை நான் எப்படியாவது கண்டுபிடித்துக்கொள்கிறேன்.