நீலியின் கண்ணீர்

‘சீன் போடாதே’ என்கிறோம் இன்று. முந்தைய தலைமுறை ‘நாடகம் ஆடாதே’ என்றது. அதற்கும் முன்னாலிருந்து வருபவை மாய்மாலம், பசப்பு, நீலிக்கண்ணீர். ஆங்கிலத்தில் இந்த இடத்தில் ‘டிராமா க்வீன்’ என்ற வசை புழங்குகிறது. எல்லாம் ஒரே சரக்கு போலத் தோன்றினாலும் குற்றச்சாட்டு வேறு. ஆங்கிலச் சொல் பெரும்பாலும் அளவைப் பற்றிய புகார்: அவளுக்கு வலி இருக்கிறது, ஆனால் நகக்கண்ணில் முள் குத்தியதற்கு உயிர் போகிற கூச்சல் போடுகிறாள். தமிழில் ‘நாடகம் ஆடுகிறாள்’ என்றால் வலியே கிடையாது, காரியம் சாதிக்க அழுகிறாள் என்று பொருள். இது உண்மையைப் பற்றிய தீர்ப்பு. சினிமா நமக்கு ‘ஓவர் ஆக்டிங்’ என்ற பிரயோகத்தைக் கொடுத்தது. அது அளவைச் சொல்ல வந்த சொல்தான். ஆனால் கொட்டகைக்கு வெளியே ஒரு மனிதரைப் பார்த்து அதைச் சொல்லும்போது ‘ஓவர்’ உதிர்ந்துபோய் ‘ஆக்டிங்’ மட்டும் தங்கிவிடுகிறது.

ஆண் சீன் போட்டால் அதில் பாதி வேடிக்கை: புது பைக், கறுப்புக் கண்ணாடி, பந்தா. பெண்ணுக்கு வைத்திருக்கும் சொற்களில் வேடிக்கை இல்லை. மாய்மாலக்காரி, பசப்புக்காரி, நீலி.

பேச்சுவழக்கின் இந்தக் குழப்பம் அப்படியே நம் விமர்சனத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. ‘நாடகத்தனம்’ என்று மதிப்புரையில் எழுதுகிறோம். சத்தம் அதிகம் என்கிறோமா, பொய் என்கிறோமா? பெரும்பாலும் முதலாவதைக் காட்டிவிட்டு இரண்டாவதற்குத் தண்டனை கொடுக்கிறோம்.

இதற்குத் துணையாக எலியட்டைக் கூப்பிடுவது வழக்கம். 1919இல் ஹாம்லெட் பற்றி எழுதிய கட்டுரையில் அவர் சொன்ன குறை, நாடகத்தில் தெரியவரும் நிகழ்வுகளுக்கு மேலாக ஹாம்லெட்டின் உணர்ச்சி வழிகிறது என்பது. அவர் முடிவை ஏற்காதவர்கள்கூட அவர் முறையைக் கவனிக்க வேண்டும். உணர்ச்சியை அவர் தனியாக நிறுத்தி அளக்கவில்லை. காரணத்தின் பக்கத்தில் வைத்து அளந்தார். மிகை என்பது ஒரு விகிதம். காரணம் தெரியாதவனுக்கு எந்த அழுகையும் மிகைதான். வங்கிக் கவுண்டரில் ஒரு பெண் குரலை உயர்த்தினால் வரிசையில் நிற்பவர்கள் ‘சீன் போடுது’ என்கிறார்கள். அவர்களுக்குத் தெரிவது குரல் மட்டும். அடகு வைத்த தாலிக்கு ஏல நோட்டீஸ் போயிருப்பது உள்ளே இருக்கிற லெட்ஜருக்குத்தான் தெரியும்.

‘நீலிக்கண்ணீர்’ என்ற சொல்லின் சரித்திரமே இதற்குப் பெரிய சாட்சி. பழையனூர்க் கதை எல்லோருக்கும் தெரியும். இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி வந்து, இந்த வணிகன் என் புருஷன், என்னைக் கைவிட்டு ஓடுகிறான் என்று ஊர் முன்னால் அழுகிறாள். குழந்தை அவனை அப்பா என்கிறது. எழுபது வேளாளர்கள் அவளை நம்பி, உனக்கு ஒன்றும் நேராது, நேர்ந்தால் எங்கள் உயிர் என்று வாக்குக் கொடுத்து அவனை அவளோடு இருக்கச் செய்கிறார்கள். அவள் பேய். விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் தீப்பாய்கிறார்கள். இதுவரை உள்ள கதையிலிருந்துதான் சொல் பிறந்தது: அழுகிறவளை நம்பாதே.

ஆனால் கதை இங்கே தொடங்கவில்லை. முற்பிறவியில் அவள் அவனுடைய மனைவி. அவளைக் கொன்றவன் அவனே. தெற்கே வில்லுப்பாட்டில் பாடப்படும் இசக்கி கதையில் அந்தக் கொலையைப் பார்த்தது பக்கத்தில் நின்ற கள்ளி ஒன்றுதான். மறுபிறவியில் அவள் குழந்தையாக்கி ஏந்தி வருவது ஒரு கள்ளிக் கொம்பை. ஊர் கண்ணுக்கு அது வேஷத்துக்கான ஜோடனை. கதைக்குள் அதுவே சாட்சி. ‘இவன் என் புருஷன்’ என்று அவள் சொன்னதும் ஒரு பிறவி தாமதமான உண்மை. நம் மரபுத்தொடர் கண்ணீரை ஞாபகம் வைத்துக்கொண்டது, கொலையை மறந்துவிட்டது.

கண்ணகியும் தலைவிரி கோலமாகத்தான் பாண்டியன் சபைக்கு வந்தாள். அவள் கையில் உடைத்துக் காட்டச் சிலம்பு இருந்தது, உள்ளே மாணிக்கம் இருந்தது. அவளைப் பத்தினி என்கிறோம். நீலியின் குரல் அவள் குரலைவிடச் செயற்கையானது என்று யார் சொன்னது? வித்தியாசம் தடயத்தில்தான். நீலகேசியை எழுதிய சமணக் கவிஞர் ஒருவர் மட்டும் இந்தப் பழையனூர்ப் பேயைக் கூப்பிட்டு, அழ வைக்காமல், பௌத்தர்களோடும் பிறரோடும் தர்க்கம் பண்ண வைத்தார்.

சிறுபத்திரிகை வட்டம் அடக்கத்தை ஒரு மதமாகவே அனுசரித்து வந்திருக்கிறது. வணிக சினிமாவும் மேடைப் பேச்சும் கண்ணீரை மலிவாக்கிய சூழலில் அது தேவையாகத்தான் இருந்தது. சிவாஜி கணேசனைப் பழித்து சத்யஜித் ராயைத் தூக்கிப் பிடித்தோம். ஆனால் ‘பதேர் பாஞ்சாலி’யில் (1955) ஹரிஹர் ஊர் திரும்பும் காட்சியை நினைத்துப் பாருங்கள். மகள் துர்கா இறந்துவிட்டதைச் சொல்ல முடியாமல் சர்வஜயா உடைகிறாள். அவள் அலறலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தார் ஷெனாயின் உச்ச ஸ்தாயியை வைத்தார் ராய். அதை அடக்கம் என்று யாரும் சொல்ல முடியாது. அது ஒப்பாரி. காரணத்தை ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாகக் கட்டி எழுப்பிய பிறகு வரும் ஒப்பாரி.

குட்டி ரேவதியின் ‘முலைகள்’ 2002இல் வந்தபோதும், அதையொட்டி மற்றப் பெண்கள் எழுதியபோதும், கவனத்தை இழுக்கச் செய்கிற வேலை என்ற முணுமுணுப்பு எழுந்தது. ‘சீன் போடுகிறார்கள்’ என்பதன் இலக்கியப் பதிப்பு இது. அந்தக் கவிதைகளில் நல்லவை உண்டு, சுமாரானவை உண்டு. தனித்தனியாக எடுத்துச் சொல்லலாம், சொல்ல வேண்டும். இந்த ஒற்றை வார்த்தை அந்த உழைப்பிலிருந்து வாசகனைத் தப்பிக்க விடுகிறது.

மிகையே கிடையாது என்பதல்ல என் வாதம். காரணமில்லாமல் வழிகிற கண்ணீர் தமிழில் டன் கணக்கில் அச்சாகிறது. ஆகையால் ‘நாடகத்தனம்’ என்று எழுதுகிறவன் அடுத்த வாக்கியத்திலேயே எதற்கு மேல் இது மிகை என்று காட்ட வேண்டும். பழையனூர்க்காரர்கள் தங்கள் தீர்ப்புக்கு உயிரைப் பிணை வைத்தார்கள். விமர்சகனிடம் கேட்பது ஒரு வாக்கியம்தான்.