90 நாள் பாஸ்வேர்ட் விதி: ஒரு விமர்சனம்

"உங்கள் பாஸ்வேர்ட் இன்னும் 7 நாளில் காலாவதியாகும்." அலுவலகக் கணினியில் இந்த அறிவிப்பைப் பார்க்காதவர்கள் குறைவு. புதிதாக வைப்பதில் பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, சிறப்புக் குறி ஒன்று இருந்தாக வேண்டும். இதெல்லாம் நம்மைக் காப்பாற்றுகிறதா என்பதுதான் என் கேள்வி.

இந்த விதிகள் உலகமெங்கும் பரவ ஒரு முக்கியக் காரணம், அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2004ல் வெளியிட்ட 800-63 ஆவணம். அதன் பின்னிணைப்பில் ஒரு கணக்கு வருகிறது. முதல் எழுத்துக்கு 4 பிட், அடுத்த ஏழுக்குத் தலா 2 பிட். ஆக, 8 எழுத்துக்கு 18 பிட். பெரிய எழுத்தும் குறியும் கட்டாயம் என்றால் 6 பிட் போனஸ். அதாவது ஊகிப்பது 64 மடங்கு கடினமாகிவிடுமாம்! ஆங்கில உரைநடை பற்றிய க்ளாட் ஷானனின் ஆய்வுதான் இதற்கு அடிப்படை.

கணக்கில் தப்பில்லை. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? ஊர்ப் பெயரின் முதல் எழுத்தைப் பெரிதாக்கி, பின்னாடி @123 போடுகிறோம். விதிப்படி பாஸ். திருடனும் முதலில் அதைத்தான் போட்டுப் பார்ப்பான். 90 நாள் கழித்து அது @124 ஆகும், அவ்வளவுதான்.

இது வெறும் ஊகம் இல்லை. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 7,700க்கும் மேற்பட்ட பழைய கணக்குகளை வைத்து 2010ல் ஓர் ஆய்வு வந்தது. பழைய பாஸ்வேர்ட் தெரிந்தால், சுமார் 17 சதவீதக் கணக்குகளில் புதியதை ஐந்துக்கும் குறைவான ஊகங்களில் பிடித்துவிட முடிந்தது. 2017ல் நிஸ்டே தன் ஆலோசனையை மாற்றிக்கொண்டது: காரணமில்லாமல் மாற்றச் சொல்லாதே, கசிந்ததற்கு அறிகுறி இருந்தால் மட்டும் மாற்றச் சொல். ஆவணத்தை எழுதிய பில் பர்ரும் அதே ஆண்டு வருத்தம் தெரிவித்தார்.

இந்த விதி எதைக் கவனிக்காமல் விட்டது என்பதற்கு 2021 மே மாதக் கொலோனியல் பைப்லைன் தாக்குதல் நல்ல உதாரணம். திருடர்கள் நுழைந்தது, பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய விபிஎன் கணக்கு வழியாக. அது சிக்கலான பாஸ்வேர்ட்தான் என்று அந்நிறுவனத் தலைவரே செனட் விசாரணையில் சொன்னார். ஆனால் அந்தக் கணக்கிற்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லை. நிறுவனம் சுமார் 44 லட்சம் டாலர் பணயத்தொகை கொடுத்தது.

ஆகவே, பட்டியலை இப்படி மாற்றலாம்:

ஊழியருக்கு: ஒவ்வொரு கணக்குக்கும் தனிப் பாஸ்வேர்ட், நீளமானதாக. நினைவில் வைக்கச் சிரமம் என்றால் பாஸ்வேர்ட் மேனேஜர்.

நிறுவனத்துக்கு: எல்லாருக்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு. வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே மூடுவது. ஏற்கெனவே கசிந்த பாஸ்வேர்ட்களை ஏற்க மறுப்பது.

இரண்டாவது பட்டியல்தான் அதிக வேலை வாங்கும். அதைச் செய்யாமல் 90 நாள் அறிவிப்பை மட்டும் அனுப்பும் நிர்வாகம், தன் பொறுப்பை ஊழியர் தலையில் கட்டுகிறது. அடுத்த ஆடிட்டில் இந்த விதி ஏன் இன்னும் இருக்கிறது என்று தாராளமாகக் கேளுங்கள். நிஸ்டின் 2017 ஆவணத்தையே ஆதாரமாகக் காட்டலாம்.