இமையோரத்தில் இருக்கிறது பார்வை

பாடம் செய்த மான் தலை சுவரில் இருந்தால் பலரும் கொம்பைத்தான் பார்ப்பார்கள். கிளைகளை எண்ணுவார்கள், அகலத்தைக் கைவிரித்துக் காட்டுவார்கள். கொம்பு மான் வளர்த்தது. பாடம் செய்தவரின் திறமையைப் பார்க்க வேண்டுமானால் கண்ணருகே போக வேண்டும். இமையும் விழியும் சேருமிடத்தில் ஒரு நூலளவு பிசகினாலும், எவ்வளவு பெரிய கொம்பும் அந்தத் தலையைக் காப்பாற்றாது.

கண்ணாடிக் கண் கடையில் கிடைக்கும் பொருள். அமெரிக்காவின் வெண்வால் மானுக்கு 30 மில்லிமீட்டரை ஒட்டிய அளவுகளில் விற்கிறார்கள். பின்புறக் குழிவில் தீட்டிய கரும்பழுப்பு, முன்பக்கத்திலிருந்து பார்க்கும்போது ஆழமாகத் தெரியும். இன்றைய கண்கள் மிக நேர்த்தியானவை. ஆனால் ஒரே ஜோடிக் கண்ணை இருவரிடம் கொடுத்தால், ஒருவர் கையில் மான் மிரண்டு நிற்கும், இன்னொருவர் கையில் அசைபோட்டுக்கொண்டு நிற்கும். பார்வை கண்ணாடியில் இல்லை. அது உட்காரும் கோணத்திலும் அதன்மேல் விழும் இமையிலும் இருக்கிறது.

கோணத்தை முதலில் சொல்ல வேண்டும். மானின் பாவை வட்டமல்ல, படுக்கைவாட்டில் நீண்டது. வெளிச்சத்தில் ஒடுங்கும்போது அந்த நீளம் இன்னும் நன்றாகத் தெரியும். தரையோரமாக எந்தத் திசையிலிருந்து ஆபத்து வந்தாலும் கவனிக்க அந்த வடிவம் உதவுகிறது. குனிந்து மேயும்போது என்ன ஆகும்? 2015-இல் மார்ட்டின் பேங்க்ஸும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொன்னது. ஆடு, செம்மறி, குதிரை ஆகியவை தலையைத் தாழ்த்தும்போது விழி குழிக்குள்ளேயே 50 பாகை அளவுக்குச் சுழன்று, பாவையைத் தரைக்கு இணையாக வைத்துக்கொள்கிறது. மான் தலைகளில் தேர்ந்த கைகள் இந்த ஒழுங்கை நெடுநாளாகவே பின்பற்றி வருகின்றன. தலை எப்படிச் சாய்ந்திருந்தாலும் பாவை தரைமட்டத்தைவிட்டு விலகாது. கண்ணின் இரு முனைகளை இணைக்கும் கோட்டோடு பாவையை ஒட்ட வைத்துவிட்டால், குனிந்த தலையில் பார்வை மூக்கோடு சேர்ந்து சரிந்து விழும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது. ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும்.

இரண்டாவது இமை. தோலுக்குள் இருக்கும் தலை அச்சின் கண்குழியில் களிமண் வைத்து, விழியை அதில் அழுத்தி, மேலும் கீழும் களிமண்ணாலேயே இமையின் பருமனை எழுப்புகிறார்கள். அதன்மேல் தோலைப் போர்த்தி, ஓரத்தை உள்ளே மடித்துச் செருகுகிறார்கள். மேல் இமை தடித்தது, விழிக்கு வெளியே ஒரு தாழ்வாரம்போல நீண்டு நிழல் தரும். நீண்ட ரோமங்கள் அதில்தான். கீழ் இமை விழியை ஒட்டிப் படுத்திருக்கும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் இரண்டையும் ஒரே வளைவில் அமைத்தால் பொம்மைக் கண் வந்துவிடும். மேல் இமையைச் சற்றே கூடுதலாக உயர்த்தினாலும் போச்சு, மான் திகிலடைந்து நிற்கும். நிதானமாக நிற்கும் மானில் விழியின் வெண்மை பெரும்பாலும் தெரிவதில்லை. அதை எல்லாப் பக்கமும் காட்டும் தலைகளை என்னால் அதிக நேரம் பார்க்க முடிவதில்லை.

இன்னொன்று, கண் தனியாகப் பேசாது. காதுகள் முன்னோக்கி விறைத்திருக்க, இமை பாதி மூடிக் கிடந்தால் அது பொய். இணைசேரும் பருவத்தில் எதிரியை மிரட்டும் கலைமான் காதைப் பின்னால் படுக்கவைக்கும், கண்ணுக்கு முன்னுள்ள சுரப்பிக் குழியை விரிக்கும். முகம் முழுவதும் ஒரே செய்தியைச் சொல்ல வேண்டும்.

உலர்வதுதான் பெரிய சோதனை. ஈரத்தில் கச்சிதமாக இருந்த இமை, தோல் சுருங்கும்போது விழியைவிட்டு விலகும். நல்ல கலைஞர் ஊசிகளால் பிடித்துவைத்து, உலரும் நாட்களில் திரும்பத் திரும்ப வந்து ஓரத்தை அழுத்துகிறார். பிறகு நிரப்புப் பசையால் இடைவெளியை மூடி, மூக்குப் பக்கத்து முனையில் கருமையும் மங்கிய ரோஜா நிறமும் தொட்டு, ஈரப் பளபளப்புக்கு ஒரு துளி வார்னிஷ் வைக்கிறார். அந்த முனையில்தான் மூன்றாவது இமையின் மெல்லிய மடிப்பு இருக்கிறது. போட்டிகளில் நடுவர்கள் சிறு டார்ச்சை அடித்துப் பார்க்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

வைக்கோலைத் திணித்த காலத்தில் இதெல்லாம் நடக்காத காரியம். எலும்பும் தசையும் களிமண்ணில் சரியாக வடிக்கப்பட்ட பிறகே கண்ணுக்கு ஓர் உறுதியான இருக்கை கிடைத்தது. அந்த வழியை வளர்த்தவர்களில் முதன்மையானவர் கார்ல் ஏக்லி. வெண்வால் மான்களை நான்கு பருவங்களில் காட்டும் அவருடைய காட்சிக் கூடுகள் சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இலைகளை மெழுகில் செய்து உதவியவர் அவர் மனைவி டெலியா.

நம் பக்கத்தில் இந்தக் கலை மைசூரில் வளர்ந்தது. 20-ஆம் நூற்றாண்டு முழுவதும் இயங்கிய வான் இங்கன் குடும்பத்தின் பட்டறை காகிதக்கூழ் அச்சுகளில் வேலை செய்தது, 1999-இல் மூடப்பட்டது. 1972-இன் வனவிலங்குச் சட்டத்தின் கீழ் இன்று வேட்டைக்கு இடமில்லை, புதுத் தலைகளும் இல்லை, அப்படியே இருக்கட்டும். உரிமைச் சான்றோடு வைத்திருக்கும் பழைய தலைகளைச் செப்பனிடுவதே மிச்சம். அங்கேதான் எனக்குக் கவலை. கடமானுக்குக் கண்ணை அடுத்த சுரப்பிக் குழி மிகப் பெரியது, உணர்ச்சி வந்தால் வெளிப்புறமாக மலரும். செப்பனிடுகிறேன் என்று அதை மெழுகால் அடைத்துவிடுகிறார்கள், வட்டப் பாவைக் கண்ணையும் மாற்றி வைக்கிறார்கள். பழைய விழி உறுதியாக இருந்தால் அதைத் தொடக் கூடாது. தூசியைத் துடைத்து, விலகிய இமையோரத்தை மட்டும் நிரப்பி, நிறம் கொடுத்தால் போதும்.