சவுக்கும் கடதாசியும்
நமது எழுத்தில் உழைப்பு ஒப்பந்தம் பற்றிய சில குறிப்புகள்

1

நமது இலக்கியக் கூட்டங்களில் மலையக இலக்கியம் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் சவுக்கும் அட்டைக்கடியும் தவறாமல் வந்துவிடுகின்றன. துரையின் சப்பாத்து, கங்காணியின் பிரம்பு, இரத்தம் குடிக்கும் அட்டை. இவை பொய்யல்ல. ஆனால் இவற்றை மட்டுமே பார்த்துப் பழகிய ஒரு வாசிப்பு, அந்த மனிதர்களை நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டிப்போட்ட உண்மையான கயிற்றைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறது என்றே எனக்குப் படுகிறது. அந்தக் கயிறு ஒரு கடதாசித் துண்டு.

அடிமைக்கும் ஒப்பந்தக் கூலிக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. அடிமையிடம் எவரும் கையொப்பம் கேட்பதில்லை. விடுதலையானவனிடம்தான் கேட்கிறார்கள். அவன் சுதந்திரமானவன், ஆகவே அவன் ஒப்புக்கொண்டான், ஆகவே அவன் மீறினால் குற்றவாளி. இந்த இரண்டு 'ஆகவே'களுக்குள் ஒரு மனிதனின் ஆயுளை அடக்கிவிடலாம். சவுக்கடியை எழுதுவது எளிது. அடிபட்டவன் கத்துவான், வாசகனுக்கும் கேட்கும். பெருவிரல் அடையாளம் வைப்பவன் கத்துவதில்லை. அந்த மௌனத்தை நமது தமிழ் எழுத்து எவ்வளவு தூரம் எழுதியிருக்கிறது என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

2

கொஞ்சம் வரலாறு தேவைப்படுகிறது. பிரித்தானியப் பேரரசின் அடிமை ஒழிப்புச் சட்டம் 1833இல் நிறைவேறி 1834 ஆகஸ்ட் 1இல் நடைமுறைக்கு வந்தது. விடுதலையானவர்கள் அன்றே விடுதலையாகவில்லை. 'பயிலுநர்' என்ற புதுப் பெயரில் பழைய எசமானிடமே வேலை செய்யவேண்டும் என்று சட்டம் விதித்தது. கரீபியத் தீவுகளில் அது 1838 வரை நீடித்தது. இருபது மில்லியன் பவுண் நட்டஈடு எசமானர்களுக்குப் போயிற்று, அடிமைகளுக்கு ஒரு சதமும் இல்லை. அந்தச் சட்டம் இலங்கைக்குப் பொருந்தவுமில்லை. இங்கே அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1844இல்.

விடுதலையானவர்கள் கரும்புத் தோட்டங்களை விட்டு விலகத் தொடங்கியதும் வெள்ளைக்காரத் தோட்டக்காரர்களின் கண் நமது கரைகளின் பக்கம் திரும்பியது. 1834இலேயே இந்தியக் கூலிகள் மொரீசியசில் இறக்கப்பட்டார்கள். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் நேட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. ஃபீஜிக்குப் போனவர்கள் 'அக்ரிமென்ட்' என்ற சொல்லைத் தம் நாவுக்கு ஏற்ப 'கிர்மிட்' ஆக்கினார்கள். தம்மைக் கட்டிய கடதாசியின் பெயரே அவர்களுக்குச் சாதிப் பெயர்போல ஆயிற்று.

இலங்கைக் கோப்பித் தோட்டங்களுக்கும் கரீபியத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1837இல் இங்கு வந்து கோப்பிப் பயிர்ச்செய்கையின் முறையை மாற்றிய ஆர்.பி. டைட்லர் அந்த வித்தையை ஜமைக்காவில் கற்றுவந்தவர். செடி நடும் முறை மாத்திரம்தான் அங்கிருந்து வந்ததா என்று கேட்கத் தோன்றுகிறது.

1865 என்ற ஆண்டை மட்டும் எடுத்துப் பாருங்கள். அந்த ஆண்டு இலங்கையில் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தச் சட்டம் வருகிறது. மாதக் கணக்கில் வேலை செய்யும் கூலியாள் முன்னறிவித்தல் இல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனால் அது சிறைக்குரிய குற்றம். அதே ஆண்டு நவம்பரில், உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைகள் விடுதலையான அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு சட்டம் வருகிறது. ஒப்பந்தக் காலம் முடியுமுன் வேலையை விட்ட கறுப்பினத் தொழிலாளி அதுவரை உழைத்த கூலி முழுவதையும் இழப்பான். அவனைப் பிடித்துக்கொண்டு வருபவனுக்கு ஐந்து டொலரும், மைலுக்குப் பத்து சதமும் கூலி. இரு நாடுகள், இரு சட்டமன்றங்கள். ஒருவரையொருவர் கேட்டு எழுதியவர்கள் அல்லர். எழுதிய கை மட்டும் ஒன்றுபோலவே இருக்கிறது.

3

அதே 1865இல் எழுதப்பட்ட ஒரு கடிதத்தை நான் இலக்கியமாகவே வாசிக்கிறேன். டென்னசி மாநிலத்தில் முப்பத்திரண்டு ஆண்டு அடிமையாக இருந்து, விடுதலையாகி ஒஹாயோவின் டேட்டன் நகருக்குப் போய்விட்ட ஜோர்டன் அண்டர்சன் என்பவருக்கு, திரும்பிவந்து வேலை செய்யுமாறு பழைய எசமான் அழைப்பு அனுப்புகிறார். இவர் சொல்லிப் பிறர் எழுதிய பதில் அது. அதில் வசையில்லை, கண்ணீர் இல்லை. மிகுந்த மரியாதையோடு ஒரு கணக்கு இருக்கிறது. என் உழைப்பு முப்பத்திரண்டு ஆண்டு, மாதம் இருபத்தைந்து டொலர். மனைவி மேண்டியின் உழைப்பு இருபது ஆண்டு, வாரம் இரண்டு டொலர். மொத்தம் 11,680 டொலர். முதலில் இதை அனுப்பிவையுங்கள், பிறகு உங்கள் நேர்மையைப் பற்றிப் பேசுவோம் என்பதே அதன் சாரம்.

எசமானின் கணக்குப் புத்தகத்தை எடுத்து மறுபக்கமாகத் திருப்பிவிடுகிறார் அந்த மனிதர். கடனாளி யார் என்ற கேள்வி ஒரே வரியில் தலைகீழாகிறது. கடதாசியால் கட்டப்பட்டவன் கடதாசியாலேயே பதில் சொல்கிறான். 'கணக்கு வழக்கெல்லாம் அறிக்கைக்கு உரியது, இலக்கியத்துக்கு உணர்ச்சிதான் வேண்டும்' என்று நம்மில் சிலர் சொல்வதுண்டு. அவர்கள் இந்தக் கடிதத்தை ஒருமுறை வாசிக்கவேண்டும். இதில் உணர்ச்சி எந்த இடத்தில் இருக்கிறது? கூட்டல் கணக்கில்தான் இருக்கிறது.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு தமிழுக்கு வருகிறேன். பாரதியின் 'கரும்புத் தோட்டத்திலே' ஒப்பந்தக் கூலிப் பெண்களின் துயரைத் தமிழ்க் கவிதைக்குள் கொண்டுவந்தது. அது பெரிய காரியம். ஆயினும் அது அழுகையின் கவிதை. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' அதைவிட ஒரு படி மேலே போகிறது. திருநெல்வேலிச் சீமையின் சாதிக் கொடுமைக்கும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் இடையிலான பாதையை மருதியின் கால்களால் அளந்துகாட்டியது அக்கதை. ஊரில் சுதந்திரம் இல்லாதவளுக்குத் தோட்டத்தில் 'சுதந்திர ஒப்பந்தம்' என்பது எவ்வளவு பெரிய கேலி என்று அது நம்மை உணரவைக்கிறது. என்றாலும் அங்கே முன்னிற்பது ஏமாற்றும் நோயும் காமமும்தான். கடன் எப்படி வளர்கிறது என்ற பொறிமுறை பின்னால் நின்றுவிடுகிறது.

அந்தப் பொறிமுறையை எழுதியவர் ஒரு வைத்தியர். ஆனைமலைத் தோட்டங்களில் பணியாற்றிய பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளிவந்த நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' ஆகத் தமிழுக்கு வந்தது. பாலாவின் 'பரதேசி' (2013) அதைத் தழுவிய படம். அந்த நாவலில் என்னை உலுக்கியது அடி உதை அல்ல, கணக்குத் தீர்க்கும் நாள்தான். கறுப்பனும் வள்ளியும் உழைத்த உழைப்பு ஒரு பக்கம். முற்பணம், அரிசி, கம்பளி மறுபக்கம். கூட்டிக் கழித்தால் அவர்கள்தான் தரவேண்டியவர்கள். ஊருக்குப் போகும் கனவு ஒரு கழித்தலில் கரைந்துபோகிறது. படத்தை விட நாவல் இங்கே உயர்ந்து நிற்கிறது. திரையில் வலி முகத்தில் தெரிகிறது, நாவலில் எண்ணில் தெரிகிறது.

இலங்கையில் இதற்குச் சமமான கடதாசி 'துண்டு' எனப்பட்டது. இவ்வளவு கடனைக் கட்டினால் இந்தக் கூலிகளை விடுவிக்கிறேன் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. இன்னொரு துரை பணத்தைக் கட்டிக் கங்காணியையும் அவன் ஆட்களையும் எடுத்துக்கொள்வான். ஆளை விற்கவில்லை, கடனைத்தான் விற்றார்கள் என்று சட்டம் சொல்லிக்கொள்ளும். 1921இல்தான் இது ஒழிந்தது. மலையகத்தில் இன்றும் முழு நாள் கூலி கிடைக்காவிட்டால் 'அரைப்பேர்' என்கிறார்கள். கூலி பாதியானால் பேரும் பாதியாகிவிடுகிறது. இந்த ஒரு சொல்லுக்குள் ஒரு நாவல் இருக்கிறது. அதை முழுமையாக எழுதிய பிரதி எனக்கு இன்னும் கிட்டவில்லை.

4

இனி நம்மிடம் வருவோம். மலையகத்தைப் பற்றிக் கல்முனையிலிருந்து கருத்துச் சொல்வது சுலபம். மலை தூரத்தில் இருக்கிறது.

நமது கரையோரத்தின் வயல் வாழ்க்கை நமது எழுத்தில் நிறையவே வந்திருக்கிறது. வட்டை, வாடி, சூடு, களவெட்டி, பொலி என்ற சொற்களின் மணம் நமது கதைகளிலும் நாட்டார் கவிகளிலும் உண்டு. வட்டைக்குப் போன மச்சானுக்காக ஏங்கும் மச்சியை நமக்கெல்லாம் தெரியும். ஆனால் அந்த மச்சான் யாருடைய வயலில் என்ன பேச்சின்பேரில் வேலை செய்தான்? போடியாரின் முல்லைக்காரனாகப் போகம் முழுவதும் வாடியில் கிடந்து, முற்பணமும் சாப்பாடும் வாங்கி, கடைசியில் களவெட்டியில் நெல்லாகக் கூலி பெற்றவன் அவன். முற்பணம் கழிந்து அவன் கைக்கு வந்தது எத்தனை மரைக்கால்? நமது கவி ஏக்கத்தைச் சொல்கிறது, கணக்கைச் சொல்லவில்லை.

நான் இரண்டையும் ஒன்றென்று சொல்லவில்லை. முல்லைக்காரனைப் பிடித்துவரப் பொலிசு போகவில்லை. அவன் மறு போகத்தில் வேறு போடியாரிடம் போகலாம். பல இடங்களில் அவன் போடியாருக்குச் சொந்தக்காரனாகவும் இருந்தான், ஒரே பள்ளிவாசலில் பக்கத்துச் சப்பில் நின்று தொழுதான். ஆனால் உறவும் சப்பும் இருந்தபடியால் கணக்குக் கேட்பது வெட்கக்கேடாகிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கங்காணியிடம் கூலி கேட்பவன் தொழிலாளி. மாமாவிடம் கேட்பவன் நன்றி கெட்டவன். எழுதாத ஒப்பந்தத்தின் பலம் அங்கேதான் இருக்கிறது. 1958இல் பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் குத்தகைச் செய்கைக்காரனுக்குப் பாதுகாப்புத் தந்தது. 'கூலி' என்று பேர்போடப்பட்டவன் அதற்கு வெளியே நின்றான். ஒரு சொல்லை மாற்றினால் ஒரு மனிதனின் உரிமை மாறிவிடும் என்பதற்கு மிசிசிப்பி வரை போகத் தேவையில்லை.

நமது முஸ்லிம் படைப்பாளிகள் காணி இழப்பைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். எழுதத்தான் வேண்டும், அது நியாயமான குரல். ஆனால் அந்தக் குரலில் 'நமது காணி' என்கிறபோது அந்த 'நமது' என்பதற்குள் முல்லைக்காரன் இருக்கிறானா என்று நமது விமர்சனம் கேட்டதாக நான் அறியவில்லை. இப்போது வெட்டுமெசின் வந்து சூடும் களவெட்டியும் மறைந்துகொண்டிருக்கின்றன. எழுதப்படாத ஒப்பந்தத்துக்குச் சாட்சி அதைச் செய்தவனின் ஞாபகம் ஒன்றுதான். அவர்களும் மௌத்தாகிக்கொண்டிருக்கிறார்கள்.

5

இந்தக் கேள்வி பழைய கதையாகிவிடவில்லை. நமது வீடுகளிலிருந்து பெண்கள் மத்திய கிழக்குக்குப் போகத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. ஏஜென்சியில் ஒரு கடதாசியில் கையொப்பம், இறங்கிய இடத்தில் வேறொரு கடதாசி. கடவுச்சீட்டு கபீலின் அலுமாரியில். மூதூர் ரிஸானா நபீக் 2013 ஜனவரி 9இல் சவூதியில் சிரச்சேதம் செய்யப்பட்டபோது தமிழில் எத்தனையோ கவிதைகள் வந்தன. நான் வாசித்தவற்றில் பெரும்பாலானவை வாளைப் பற்றியவை. 2005இல் பதினேழு வயதுச் சிறுமியை வேலைக்கு அனுப்புவதற்காக வயதைக் கூட்டி எழுதிய அந்தக் கடவுச்சீட்டைப் பற்றி யாராவது ஒரு நல்ல கவிதை எழுதினார்களா? வாள் தூரத்து நாட்டினுடையது, அதைத் திட்டுவது எளிது. அந்தக் கடதாசி இங்கே, நமது ஊர்களுக்கு நடுவே தயாரானது. நமது கவிதை தன் கோபத்துக்கு வசதியான இலக்கைத் தேர்ந்தெடுத்தது என்று நான் சொன்னால் நண்பர்கள் மன்னிக்கவேண்டும்.

நமக்கு இதைப் பேச ஒரு மொழி இல்லாமலும் இல்லை. சூரத்துந் நூரின் 33ஆவது வசனம் பேசுகிற 'முகாதபா' என்பதும் ஓர் எழுத்து ஒப்பந்தம்தான். அடிமை உழைத்துத் தொகை கட்டி விடுதலை பெறுவதற்கான ஒப்பந்தம். எசமான் அதை எழுதிக் கொடுக்கவேண்டும், தன்னிடமுள்ள செல்வத்திலிருந்து அவனுக்கு உதவவும் வேண்டும் என்பது அதன் வழிகாட்டல். அங்கே கடதாசி அடிமையிலிருந்து விடுதலைக்குப் போகிறது. தோட்டக்காரனின் கடதாசி விடுதலையிலிருந்து அடிமைக்குத் திரும்புகிறது. ஒரே காரியம், எதிர் எதிர்த் திசை. இந்த வித்தியாசத்தை ஓதித் தெரிந்த ஒரு சமூகம், தன் வீட்டுப் பெண் கையொப்பமிட்ட ஒப்பந்தம் எந்தத் திசையில் போகிறது என்று வாசித்துப் பார்க்காமல் இருப்பது எப்படி?

எனது எதிர்பார்ப்பு பெரிதல்ல. அடுத்த முறை நம்மில் ஒருவர் வெளிநாடு போய் வந்த ஓர் உம்மாவைப் பற்றிக் கதை எழுதும்போது, விமான நிலையக் கண்ணீருக்கு ஒரு பந்தியைக் குறைத்துவிட்டு, அவர் எத்தனை மாதம் உழைத்தார், எத்தனை மாதச் சம்பளம் வந்தது, ஏஜென்சிக்காரன் எவ்வளவு எடுத்தான், வட்டிக்கு வாங்கிய காசு எவ்வளவு என்று உட்கார்ந்து கூட்டிப் பார்க்கட்டும். மீதி என்று வரும் அந்த எண்ணை ஒளிக்காமல் கதைக்குள் வைக்கட்டும். யார் யாருக்குக் கடன் என்பது அப்போது தெரிந்துவிடும்.