சேர்ந்து சிரித்த காலம்

கழிந்துபோன காலம் யாவர்க்கும் இனிமையாகவே தோன்றும். அவ்வினிமையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மறதி என்று பிரித்துக் காட்டுவது விமர்சனத்தின் கடமை. அக்கடமையை நமக்கு நினைவூட்டியது அறுகம்பேக் கடற்கரை.

கடலலையில் சறுக்கி விளையாட உலகின் பல திசைகளிலிருந்தும் அங்கு வருவோரில் முதியவர்களும் உண்டு. அத்தகைய அமெரிக்கர் சிலர் தம் இளமைக் காலத் தொலைக்காட்சியைப் பற்றி ஓர் இரவு உரையாடக் கேட்டோம். எழுபதுகளில் நாடு முழுவதும் ஒரே இரவில் ஒரே கதையைப் பார்த்ததாம். மறுநாள் தொழிற்சாலையிலும் பள்ளியிலும் அதுவே பேச்சாம். இப்போதோ ஒரே வீட்டில் ஆளுக்கொரு திரையாம். இதைக் கேட்டு நாம் நகைக்கவில்லை. கல்முனைப் பகுதியின் வாப்பாமாரும் உம்மாமாரும் பழைய இலங்கை வானொலியை எண்ணி இதே பெருமூச்சைத்தான் விடுகிறார்கள். எனவே இவ்விரு ஏக்கங்களையும் ஒருங்கே வைத்து எடைபோடுவோம்.

அமெரிக்கர் அனைவரும் ஒன்றையே பார்த்ததற்கு ஒற்றுமை உணர்ச்சி காரணமல்ல. சி.பி.எஸ்., என்.பி.சி., ஏ.பி.சி. ஆகிய மூன்று கம்பனிகளே அந்நாளில் மக்களின் மாலை நேரத்தை ஆண்டன. அவை விற்ற சரக்கு நிகழ்ச்சிகள் அல்ல, பார்ப்போரின் கண்கள். வாங்கியவர்கள் சவர்க்காரமும் மோட்டார் வண்டியும் செய்யும் முதலாளிகள். அவர்களுக்கு வேண்டியது மனம் கோணாத பெருங்கூட்டம். ஆகவேதான் வியட்நாம் தோல்வியும், 1973இன் எண்ணெய் நெருக்கடியும், 1974இல் நிக்சன் பதவி துறந்த மானக்கேடும் நாட்டை உலுக்கிய அதே பத்தாண்டில், 'ஹப்பி டேய்ஸ்' என்ற தொடர் ஐம்பதுகளின் கவலையற்ற இளைஞரைக் காட்டி வெற்றி கண்டது. 1955இல் மொன்ட்கோமரி நகரத்துக் கறுப்பின மக்கள் பேருந்துகளைப் பகிஷ்கரித்த ஐம்பதுகள் அல்ல அவை. எழுபதுகளுக்காக ஏங்குவோர், எழுபதுகளே ஐம்பதுகளுக்காக ஏங்கிக் கிடந்ததை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆயினும் அனைத்தையும் முதலாளித்துவக் கேளிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது சோம்பேறி விமர்சனம். 1971 ஜனவரியில் நோர்மன் லியர் தொடங்கிய 'ஓல் இன் த ஃபமிலி' என்ற தொடரின் நாயகன் ஆர்ச்சி பங்கர், நியூயோர்க் நகரத்து உழைப்பாளி. கறுப்பரையும் யூதரையும் பெண்ணுரிமை பேசுவோரையும் வாய்க்கு வந்தபடி ஏசுபவன். அவன் வீட்டிலேயே தங்கிப் படிக்கும் மருமகன் அவனோடு ஓயாது வாதிடுவான். உழைக்கும் மனிதன் தன்னைச் சுரண்டுவோரை விட்டுவிட்டுத் தன்னைப் போன்ற ஏழையை வெறுப்பது ஏன் என்ற கேள்வியை அத்தொடர் வீட்டு நடுவில் கொண்டுவந்து வைத்தது. 1972இல் தொடங்கிய 'மாஷ்', மூன்றாண்டு நடந்த கொரியப் போரைப் பதினொரு ஆண்டுகள் காட்டிற்று. வியட்நாமில் குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்களில் அக்கதையின் பொருள் எவருக்கும் விளங்காமல் போகவில்லை. பதிவுசெய்த சிரிப்பொலியைச் சேர்க்குமாறு கம்பனி வற்புறுத்திற்று. ஆனால் காயமுற்ற படையினரின் உடலை அறுத்துத் தைக்கும் காட்சிகளில் அச்சிரிப்பொலி சேர்க்கப்படவில்லை. 1977 ஜனவரியில் தொடர்ந்து எட்டு இரவுகள் ஒளிபரப்பான 'ரூட்ஸ்', கம்பியா நாட்டு முஸ்லிம் இளைஞன் குந்தா கிந்தே அடிமையாய் விலங்கிடப்பட்டதை அமெரிக்கக் குடும்பங்கள் முன் நிறுத்தியது. மக்களை ஒருசேர அமரவைத்தவை கம்பனிகளின் இலாப ஆசையே; அமர்ந்தவர்கள் முன் தம் சமுதாயத்தின் சச்சரவை விரித்தவர்களோ கலைஞர்கள். அக்காலத்தின் பெருமை இந்தச் சச்சரவில் இருக்கிறது. ஏக்கம் கூடியிருந்த சுகத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு சச்சரவை மறந்துவிடுகிறது.

கலைஞன் சச்சரவை விரித்தால் மட்டும் போதுமா? விட்மார், ரோக்கீச் என்ற இரு உளவியல் அறிஞர்கள் 1974இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆர்ச்சியின் காழ்ப்பைக் கிண்டல் செய்யவே அத்தொடர் எழுதப்பட்டிருந்தும், இனக்காழ்ப்பு மிக்க பார்வையாளர்கள் ஆர்ச்சியையே மெச்சினர். வாதத்தில் வென்றவனும் அவனே என்று கருதினர். ஒரே அறையில் ஒரே நகைச்சுவைக்குச் சிரித்தவர்கள் ஒரே பொருளுக்குச் சிரிக்கவில்லை!

இப்போது நம் கரைக்கு வருவோம். எழுபதுகளின் பெரும்பகுதியில் இந்நாட்டில் தொலைக்காட்சியே இருக்கவில்லை. 1979 ஏப்ரலில் ஐ.ரி.என். கொழும்பைச் சூழ்ந்த பகுதிக்கு ஒளிபரப்பத் தொடங்கியது. யப்பானிய அரசின் உதவியுடன் ரூபவாஹினி பிறந்தது 1982 பெப்ரவரியில். அதுவரை பொத்துவில் முதல் மருதமுனை வரை தேநீர்க் கடையிலும் கரைவலை வாடியிலும் ஒலித்தது வானொலியே. அக்கால நகைச்சுவைக்கு இன்றும் நம் பெரியவர்கள் காட்டும் சான்று 'கோமாளிகளின் கும்மாளம்'. மரிக்காராக ராமதாஸ், அப்புக்குட்டியாக ராஜகோபால், உபாலியாக செல்வசேகரன் ஆகியோர் முஸ்லிம், யாழ்ப்பாண, சிங்களப் பேச்சுகளை ஒரே நாடகத்தில் மோதவிட்டு நாட்டைச் சிரிக்கவைத்தனர். மரிக்காராக நடித்த ராமதாஸ் முஸ்லிம் அல்லர். அதனை எவரும் குறையாகக் கொள்ளவுமில்லை. 1976இல் 'கோமாளிகள்' என்று திரைப்படமாகவும் அது வந்தது. அயலான் பேச்சைக் காதாரக் கேட்டுச் சிரிக்கப் பழகுவது சிறிய காரியமல்ல. இதனை நாம் மனமார ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் நாம் எதற்குச் சிரித்தோம்? பேச்சின் சாயலுக்கு. 1956இன் மொழிச் சட்டமும், கல்லோயா நிலப் பங்கீடும், படித்த வாலிபரின் வேலையின்மையும் நம் வீடுகளில் புகைந்துகொண்டிருந்தன. அரசின் ஒலிவாங்கி இச்சச்சரவுகளுக்காக அமைந்ததல்ல. அதுவுமன்றி, மரிக்காரின் தமிழ் தலைநகர் முஸ்லிமின் தமிழ். அக்கரைப்பற்றில் நெல் விதைப்பவனும், மருதமுனையில் தறி நெய்பவனும், கல்முனைக்குடியில் வலை இழுப்பவனும் 'மறுகா' என்று தொடர்ந்து பேசும் தமிழ் அதுவல்ல. அந்நகைச்சுவையில் இக்கரை மக்கள் கேட்பவர்களாக இருந்தனர், பேசுபவர்களாக இருக்கவில்லை.

சேர்ந்து சிரித்த அந்தச் சிரிப்பு நம்மைக் காத்ததா? 1983 ஜூலை வந்தது. 1990இல் இதே கிழக்குக் கரையில் தமிழ் பேசும் இரு சமூகங்களுக்கிடையே இரத்தம் ஓடியது. குற்றம் கலைஞர்களுடையதல்ல. சிரிப்பைப் பகிர்ந்துகொண்ட நாம் சச்சரவைப் பகிர்ந்து பேசவில்லை. அதைப் பேச முயன்றவை, 1969இல் எம்.ஏ. நுஃமான் கல்முனையிலிருந்து தொடங்கிய 'கவிஞன்' போன்ற சிற்றிதழ்கள். வானொலி எட்டிய காதுகளை எட்டும் வலிமை அவற்றுக்கு இருக்கவில்லை.

எனவே ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவத் தோழர்களுக்கும் ஒன்று கூறுவோம். வாப்பாவும் உம்மம்மாவும் பழைய வானொலியைப் பற்றிப் பேசும்போது குறிப்பேட்டுடன் அருகில் அமருங்கள். எந்த அறிவிப்பாளர் இனிமையாகப் பேசினார் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்நாளில் வீட்டில் பேசியும் வானொலியில் கேளாதுபோன செய்தி எது, எந்த நகைச்சுவை அவர்கள் மனத்தைச் சுட்டது, அடுத்த ஊர்த் தமிழரும் அதற்குச் சிரித்தனரா என்றும் கேளுங்கள். அதே கேள்விகளை அடுத்த ஊருக்கும் சென்று கேளுங்கள். அவ்விரு விடைகளையும் அருகருகே எழுதிவைத்தால், 'கவிஞன்' தொடங்கிய வேலை அங்கிருந்து தொடரும்.