மைன்கிராஃப்ட்: உயிர்தப்பும் ஆட்டத்தை ரசிப்பது எப்படி?

மைன்கிராஃப்ட் உலகம் முழுவதும் புளொக்குகளால் ஆனது. மண், மணல், கருங்கல், மரம் எதுவானாலும் ஒரு மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலம், ஒரு மீற்றர் உயரம் கொண்ட கட்டியாகவே நிற்கும். அதை உடைத்து எடுத்து வேறிடத்தில் வைக்கலாம். சுவீடனைச் சேர்ந்த மார்கஸ் பெர்சன் 2009 மே மாதத்தில் இந்த ஆட்டத்தின் முதல் வடிவத்தை வெளியிட்டார். முழுப் பதிப்பு 2011 நவம்பரில் வந்தது. 2014 இல் மைக்ரோசொஃப்ட் 250 கோடி டொலருக்கு இதை வாங்கியது. விற்பனை 30 கோடிப் பிரதிகளைத் தாண்டிவிட்டதாக 2023 இல் அறிவிக்கப்பட்டது.

இதை முக்கியமாக இரண்டு முறையில் ஆடலாம். படைப்பு முறையில் எல்லாப் பொருளும் அளவின்றிக் கிடைக்கும், சாவு என்ற பயம் கிடையாது. உயிர்தப்பும் முறையில் கையில் ஒன்றும் இல்லாமல் ஒரு வெளியில் இறக்கிவிடப்படுகிறார் ஆடுபவர். பசி உண்டு, இரவு உண்டு, இருட்டில் பிறக்கும் பகைகள் உண்டு. வெளியார் கண்ணில் முதலில் படுவது படைப்பு முறையில் எழுந்த மாளிகைகள்தான். ஆனால் ரசனைக்கு ஆழமான இடம் உயிர்தப்பும் முறை. அங்கே நிற்கும் ஒவ்வொரு புளொக்கையும் யாரோ தோண்டி, சுமந்து, இரவைக் கடந்து கொண்டுவந்திருக்கிறார். அந்த உழைப்பின் தடயத்தைக் காணப் பழகுவதே இந்த ஆட்டத்தை ரசிக்கப் பழகுவது.

கிழக்குக் கரையோரத்துக் கல்முனையிலோ நிந்தவூரிலோ போனுக்குள் குனிந்திருக்கும் பிள்ளையின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கும் வாப்பாவுக்கு முதலில் தெரிவது சில சதுரங்களும் கொஞ்சம் இருட்டும் மட்டுமே. அளவு பிடிபட்டால் காட்சி மாறும். ஆட்டம் தன் நிலத்தை 16 மீற்றருக்கு 16 மீற்றர் துண்டுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு துண்டு 256 சதுர மீற்றர், அதாவது ஏறத்தாழப் பத்துப் பேர்ச்சஸ் காணி. பத்துப் பேர்ச்சஸ் வளவில் வீடும் கிணறும் இரண்டு தென்னையும் எப்படி அடங்கும் என்று கரையோரத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கணக்கோடு திரையைப் பார்த்தால், ஒரு பிள்ளை தனியாக வெட்டிச் சமப்படுத்திய நிலம் எவ்வளவு பெரியது என்பது உறைக்கும்.

ஆட்டத்தின் ஒரு முழு நாள் உண்மையில் 20 நிமிடம். அதில் பகல் வெளிச்சம் பத்து நிமிடம் இருக்கும். அந்தப் பத்து நிமிடத்துக்குள் வெறுங்கையால் மரம் வெட்டி, பலகை செய்து, மரப் பிக்காசு செய்து, அதைக் கொண்டு கல் உடைத்து, இருட்டுவதற்குள் ஒரு கதவுக்குப் பின்னால் போய்விட வேண்டும். கைதேர்ந்தவர்கள் முதலில் தேடுவது ஆடு. மூன்று கம்பளியும் மூன்று பலகையும் இருந்தால் கட்டில் செய்யலாம். கட்டிலில் படுத்தால் இரவு கடந்துவிடும், செத்தால் மீண்டும் எழும்புவதும் அந்தக் கட்டிலடியில்தான். ஆடு கிடைக்காதவர் மண்ணைக் குடைந்து, வாயை அடைத்து, உள்ளே இருந்தபடியே கல் தோண்டி இரவை ஓட்டுவார். பார்ப்பவர் கவனிக்க வேண்டியது இந்தத் தெரிவைத்தான். ஆடு தேடிப் போவதா, இருக்கும் இடத்திலேயே குழி தோண்டுவதா என்பதில் ஆடுபவரின் குணம் முழுதும் தெரிந்துவிடும்.

பகைகளில் பேர் போனது க்ரீப்பர். பன்றி உருவத்தைச் செய்யப்போன பெர்சன் நீளத்தையும் உயரத்தையும் மாற்றிக் கொடுத்துவிட, நெட்டையாக எழுந்து நின்ற பிழை உருவமே பின்னர் க்ரீப்பர் ஆனது. அது சத்தமில்லாமல் நெருங்கும். அருகில் வந்ததும் சீறும். ஒன்றரை விநாடியில் வெடித்து ஆளையும் சுவரையும் சேர்த்துக் கொண்டுபோகும். ஸொம்பி கதவைத் தட்டும், எலும்புக்கூடு தூரத்தில் நின்று அம்பு விடும். அவற்றுக்குப் பரிகாரம் உண்டு. க்ரீப்பர் அழிப்பது கட்டியதை. அதனால்தான் ஆடுபவர்கள் அதை அவ்வளவு வெறுக்கிறார்கள். பூனையைக் கண்டால் அது விலகி ஓடும் என்பதால், வீட்டைச் சுற்றிப் பூனை வளர்ப்பவரைக் கண்டால் அவர் ஒரு தடவையாவது சுவரை இழந்தவர் என்று ஊகிக்கலாம்.

சுரங்கத்துக்குள் இறங்கும்போது பார்க்க இன்னும் நிறைய உண்டு. மரப் பிக்காசு கல்லை எடுக்கும், கல் பிக்காசு இரும்பை, இரும்புப் பிக்காசு வைரத்தை. இந்தப் படிவரிசையைத் தாண்டிக் குதிக்க முடியாது. 2021 நவம்பர் 30 அன்று வந்த 1.18 பதிப்பு நிலத்தடியையே மாற்றி அமைத்தது. அதற்கு முன்னர் வைரம் தேடியவர்கள் 11 ஆம் மட்டத்தில் நீண்ட சுரங்க வழிகளை வெட்டினார்கள். இப்போது சுழியத்துக்குக் கீழே 59 ஆம் மட்டத்துக்கு இறங்குகிறார்கள். முன்பு மங்கலான வெளிச்சத்திலும் பகைகள் பிறக்கும். இப்போது முழு இருட்டில் மட்டுமே பிறக்கின்றன. ஆகவே பழைய உலகங்களில் அடிக்கு அடி டோர்ச் என்ற தீப்பந்தம் குத்தப்பட்டிருக்கும், புதிய உலகங்களில் அவை தூரத் தூர நிற்கும். சுவரில் உள்ள டோர்ச்சின் இடைவெளியையும் சுரங்கத்தின் ஆழத்தையும் வைத்து ஓர் உலகம் எந்தக் காலத்தது என்று சொல்லிவிடலாம். இந்த ஆட்டம் தரும் மிக நுண்ணிய இன்பங்களில் இதுவும் ஒன்று.

வீட்டை வாசிக்கக் கரையோர வாசகருக்கு ஏற்கெனவே பயிற்சி உண்டு. இந்த ஊர்களில் மகளுக்கென்று வீடு கட்டுவது வழக்கம். கையில் காசு வரவர அத்திவாரம், பிறகு இரண்டு அறை, பிறகு குசினி, கடைசியில் கம்பி நீட்டிக்கொண்டு காத்திருக்கும் மேல்மாடி என்று அது வளரும். உயிர்தப்பும் முறையில் எழும் வீடும் அப்படியே வளர்கிறது. நடுவில் முதல் இரவின் மண்குடிசை, அதை மூடிய கல்சுவர், பின்னர் வந்த பலகைத் தளம், மணலை உருக்கிச் செய்த கண்ணாடி என எல்லாவற்றையும் அதில் எண்ணலாம். ஒரே நேரத்தில் திட்டமிட்டுக் கட்டிய அழகு அதில் இல்லை. ஆனால் எந்தச் சுவர் பயத்தில் எழுந்தது, எந்தச் சாளரம் பயம் தெளிந்த பின் திறந்தது என்பது தெரியும். முதல் குடிசையை இடிக்காமல் வீட்டுக்குள்ளேயே விட்டுவைப்பவர்களின் கட்டடங்கள் பெரும்பாலும் நல்ல கட்டடங்களாக இருக்கின்றன.

பயிர்ச்செய்கையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நெல் இந்த ஆட்டத்தில் இல்லை என்பது நிந்தவூர், சம்மாந்துறைக்காரருக்கு ஒரு குறையே. கோதுமை, கரட், உருளைக்கிழங்கு, பீட்ரூட் உண்டு. ஒரு நீர்க்கட்டி நான்கு புளொக் தூரம் வரை மண்ணை ஈரமாக வைக்கும் என்பதால், நடுவில் தண்ணீர் விட்ட ஒன்பதுக்கு ஒன்பது பாத்தி எங்கும் காணப்படும். சதுரக் குழியின் எதிர்மூலைகளில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினால் அது வற்றவே வற்றாது. சேனாநாயக்க சமுத்திர நீர்த்தேக்கத்தின் மட்டத்தைப் பார்த்துப் போகம் செய்யும் வயற்காரருக்கு இது கனவு போன்ற விதி.

காதையும் தீட்டிக்கொள்ள வேண்டும். சி418 என்ற பெயரில் இசையமைக்கும் ஜெர்மனியரான டானியல் ரோசன்ஃபெல்ட் அமைத்த பியானோ இசை தொடர்ந்து ஒலிப்பதில்லை. நீண்ட மௌனத்துக்குப் பிறகு எதிர்பாராமல் வரும், வந்த மாதிரியே அடங்கும். அந்த இடைவெளிகளில் தொலைவில் ஓடும் நீரும் குகைக்குள் எழும் முனகலும் கேட்கும். 2011 இல் வெளியான அவரது தொகுப்பை 2025 இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தேசிய ஒலிப்பதிவேட்டில் சேர்த்தது. ஒலியை நிறுத்திவிட்டு ஆடுபவர் பாதி ஆட்டத்தையே ஆடுகிறார்.

ஆடுபவர்களின் பேச்சு தனியாகக் கவனிக்க வேண்டியது. இது ஆட்டத்துக்கு வெளியே நிற்கும் அரட்டை அன்று. தொடக்கத்தில் ஆட்டத்தோடு எந்தக் கையேடும் வரவில்லை. எந்தப் பொருளை எப்படி அடுக்கினால் எது உருவாகும் என்று கணினிப் பதிப்பு தானாகக் காட்டத் தொடங்கியது 2017 இல், 1.12 பதிப்பில்தான். அதுவரை ஒருவர் கண்டுபிடித்ததை மற்றவர் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். நேராகக் கீழே தோண்டாதே என்ற விதி அப்படி வாய்வழி வந்தது. தோண்டுபவர் காலடியில் குகையோ லாவாவோ இருக்கலாம். நெதர் என்ற கீழுலகில் கட்டில் போட்டுப் படுத்தால் கட்டில் வெடிக்கும் என்பதும் அப்படியே பரவியது. 2010 இல் பரவிய ஹீரோபிரைன் கதை இன்னொரு வகை. வெள்ளை விழியோடு தூரத்து மூடுபனியில் நிற்கும் ஓர் உருவம் அது. ஆட்டத்தில் அது ஒருபோதும் இருந்ததில்லை. ஆனாலும் தயாரிப்பாளர்கள் பல புதுப்பதிப்புகளின் குறிப்புகளில் அதை நீக்கிவிட்டதாக எழுதி, ரசிகர்களின் கதையைத் தாங்களும் சேர்ந்து வளர்த்தார்கள்.

சேர்ந்து ஆடும்போது விதியே பேச்சைக் கிளப்புகிறது. ஒரே வைஃபையில் இணைந்த போன்களில் ஒருவரின் உலகத்துக்குள் மற்றவர்கள் நுழையலாம். பொதுவாக அங்கே எல்லோரும் படுத்தால்தான் இரவு கடக்கும். “எல்லாரும் படுங்கடா!” என்ற கத்தல் அதனால் வருகிறது. சுரங்கத்தில் வைரத்தின் முன்னால் நிற்கும் ஒருவன் “கொஞ்சம் பொறு மச்சான்” என்று இழுத்தடிப்பான், கட்டிலில் கிடப்பவர்கள் கொதிப்பார்கள். உலகத்தை வைத்திருப்பவன் போனை மூடிவிட்டால் மற்றவர்களுக்கு அந்த உலகமே இல்லை; ஆகவே அவனுடைய மனம் கோணாமல் நடப்பதும் ஒரு தந்திரம்.

ஒருவர் செத்ததும் எப்படிச் செத்தார் என்பதை ஆட்டமே எல்லோருடைய திரையிலும் எழுதிவிடும். செத்தவரின் பொருட்கள் விழுந்த இடத்தில் சிதறிக் கிடக்கும். அருகில் யாராவது இருந்தால் ஐந்து நிமிடத்தில் அவை மறைந்துவிடும். யாரும் இல்லாவிட்டால் அந்தக் கடிகாரம் நின்றுபோகும். ஓடிப்போய் எடுக்கும் இந்த ஐந்து நிமிடத்தைப் போல விறுவிறுப்பான காட்சி ஆட்டத்தில் வேறில்லை. செத்தவர் கட்டிலடியில் வெறுங்கையோடு எழும்பி, வழி மறந்து, செத்த இடத்தைக் காட்டும் எண்களைக் கேட்டுக் கத்துவார். பக்கத்தில் நிற்கும் நண்பர் பொருட்களைப் பொறுக்கி வைத்துக்கொள்வார். அது அவர் கையில் அமானிதம். வைர வாளைத் திருப்பிக் கொடுக்கிறாரா, இரும்பு ஒன்று குறைகிறதா என்பதில் நட்புகள் சோதிக்கப்படுகின்றன.

பொருட்களைப் போட்டுவைக்கும் பெட்டிகளுக்குப் பூட்டு இல்லை என்பதால் பெரும்பாலான குழுக்கள் தங்களுக்கென்று சட்டம் செய்துகொள்கின்றன. 2010 இலிருந்து ஓடும் 2பி2டி என்ற பொது உலகம் சட்டமே வேண்டாம் என்று விட்டது. அங்கே நுழையும் இடத்தைச் சுற்றி மைல் கணக்கில் குழியும் இடிபாடும்தான். அதற்கு நேர்மாறாக, நான்கு பேர் ஆடும் ஒரு சிறு உலகத்தில் எந்தப் பெட்டி பொது, எது சொந்தம், அடுத்தவர் பாத்தியில் அறுத்தவர் திரும்ப விதைக்க வேண்டுமா, வெட்டிய மரத்தின் உச்சியை அந்தரத்தில் தொங்கவிடலாமா என்பதெல்லாம் பேசித் தீர்க்கப்படுகிறது. அந்த உலகத்துக்குள் புதிதாக நுழைபவர் முதலில் பார்க்க வேண்டியது பெட்டிகளின் மேல் குத்தியிருக்கும் பெயர்ப்பலகைகளை. யாருடையது, எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று அந்தக் குழு பேசி முடித்ததெல்லாம் அவற்றில் எழுதப்பட்டிருக்கும்.